பொருள்வயிற் பிரிவும் பொறியாளர் ஒப்பந்தமும்

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியனார் வகுத்துக் காட்டியுள்ளமை தமிழிலக்கியம் கற்பார் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் செய்தியாகும். ஓதற்பொருட்டும், பகைமேற் சேறற்பொருட்டும், தூதின்பொருட்டும் பிரிவு நிகழும், பொருளீட்டுதற்பொருட்டும் நிகழும். இவற்றுள் புலவருள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது பொருள்வயிற் பிரிவே என்று சொல்லலாம். அகநானூற்றில் ஒற்றைப்பட்ட எண்களைப் பெற்ற பாட்டுக்கள் அனைத்தும் பாலைத்திணையின்பாற் பட்டன. அஃதாவது நானூற்றில் இருநூறு. அவற்றுள் பல பொருள் தேடிச் செல்வானைப் பற்றியன. சுரத்தின் வெம்மையும், வழிப்பறிக்கும் ஆறலை கள்வரும், நீரற்ற சுனையும், நிழலற்ற மரமும் அங்கே விரித்துரைக்கப் பெறுகின்றன. ஆயின், அவ்வாறு செல்பவன் யாரிடம் செல்கின்றான், என்ன தொழில் புரிவான், அத்தொழிற்கு என்ன பெறுவான் என்று யான் பாடங்கேட்ட பாட்டுக்களுள் ஒன்றேனும் உரைக்கக் கண்டிலேன். அவன் வாய்விட்டுக் கூறும் நிபந்தனை ஒன்றே. கார்காலம் வருமுன் மீள்வேன் என்பது.

இதனை ஒருநாள் வகுப்பில் எழுந்து கேட்டேன். ஆசிரியர் நகைத்து, அகப்பொருளில் சம்பளக் கணக்கிற்கு இடமில்லை என்றார். அவர் கூறியது முற்றும் முறையே. ஆனால் அன்றைக்கு என் மனம் அகநானூற்றில் இல்லை. அரூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில், ஒற்றைத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் தமையனாரிடத்து இருந்தது. அவர் இயந்திரப் பொறியியல் படித்துத் தேர்ந்தவர். வளைகுடா நாடொன்றில் வேலை இருப்பதாகத் தரகர் ஒருவர் கொணர்ந்து கொடுத்த தாள் அது. அதில் தொழிலின் பெயரும், ஒரு தொகையும், ஏனைய யாவும் நிறுவனத்தின் விதிகளின்படி என்னும் ஒரு வாக்கியமும் இருந்தன. கார்காலம் வருமுன் மீள்வேன் என்ற சொல்லேனும் அதில் இல்லை.

எங்கள் ஊரைப் பற்றி அறியாதார்க்குச் சில சொல்ல வேண்டும். அரூர் தருமபுரி மாவட்டத்தின் கீழ்பாலுள்ள வட்டத்தின் தலையூர். தீர்த்தமலையும் சித்தேரி மலையும் அதற்கு அணித்தே உள்ளன. மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் விளையும்; மழை பொய்த்த ஆண்டில் இவை மூன்றும் விளையா. அப்பொழுது மக்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் போவர். தொலைவிடம் செல்வார் பெரும்பாலும் மொரப்பூர் நிலையத்திற்குப் போய் இரயிலேறுவர். ஊரைவிட்டுப் பிழைக்கப் போதல் எங்கட்குப் புதிதன்று. பொறியியல் பட்டம் பெற்றுக் கடல்கடந்து போதல்தான் புதிது. எங்கள் தெருவில் முதன்முதலாக அவ்வாறு புறப்படுபவர் என் தமையனாரே. ஆகையால் கேட்டறிவதற்கு முன்னே போனவர் எவரும் இலர்.

முன்னே போனவர் இலர் என்றது பொறியாளரைக் கருதியே. கூலிகளாகப் போனவர் மிகப் பலர். தருமபுரி 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் சேலத்தைச் சேர்ந்திருந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை ஆகியவற்றோடு அச்சேலம் மாவட்டமும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கட்கு ஆளனுப்பியது. கங்காணி என்பான் ஊருக்கு வந்து, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வான். அம்முன்பணம் கடனாகத் தொழிலாளி தலைமேல் நிற்கும். அவன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குப் போக வேண்டின், அவன் பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் அவனை ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டொன்று கொடுக்கப்படும். அதற்குத் துண்டு என்று பெயர். ஆங்கிலேயர் எழுதிய அறிக்கைகளிலும் அத்தமிழ்ச் சொல்லே வழங்கிற்று. மனிதன் எங்கே போகலாம் என்பதை அவன் கடன்சீட்டு முடிவு செய்த காலம் அது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டே, 1922இல், இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் இடத்தில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

இந்த 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் என் தமையனாருக்காக யான் முதலிற் படித்தேன். இலக்கண உரைகளைப் படித்துப் பழகியவனுக்குச் சட்டம் அவ்வளவு கடினமன்று. நூற்பாவும் அதற்குப் புறனடையும் போலவே அதுவும் அமைந்துள்ளது. அதன்படி, பதிவுச் சான்று பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தல் கூடாது. குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அலுவலர் உளர். சென்னையிலும் அவர் அலுவலகம் ஒன்று உண்டு. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகட்கு வேலைக்குச் செல்வோர், தம் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று பொறிக்கப்பட்டிருப்பின், அப்பாதுகாவலரிடம் அனுமதி பெற்றே செல்லல் வேண்டும். அவர் வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார்; காப்பீடு உண்டா என்று பார்ப்பார். அக்காப்பீட்டின்படி விபத்தில் இறந்தார் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் உரியதாகும்.

நன்று என்று மகிழ்ந்தேன். அடுத்த வரியைப் படித்தபோதே என் மகிழ்ச்சி குன்றியது. பத்தாம் வகுப்புத் தேறினவர்க்கு இச்சோதனை தேவையில்லை. அவர் கடவுச்சீட்டில் அப்பொறிப்பு இராது. பாதுகாவலரைக் காணாமலே அவர் விமானமேறலாம்.

இவ்விதியின் கருத்து விளங்குகின்றது. எழுத்தறியாத் தொழிலாளியை ஏமாற்றுதல் எளிது. ஆகவே அரசு அவனுக்குக் கண்ணாக நிற்கின்றது. படித்தவனுக்குக் கண் உண்டு. அவன் தானே பார்த்துக்கொள்வான். ஆனால் எங்கள் திண்ணையில் நிகழ்ந்தது வேறு. பொறியியல் படித்த என் தமையனார்க்குப் பொறியின் வரைபடம் படிக்கத் தெரியும்; ஒப்பந்தம் படிக்கத் தெரியாது. அதனை அவர்க்குக் கற்பித்தார் எவரும் இலர். கட்டட வேலைக்குப் போகும் எங்கள் அண்டை வீட்டார் மகன் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவன் ஒப்பந்தத்தை ஓர் அலுவலர் பார்த்து ஒப்புவார். என் தமையனார் ஒப்பந்தத்தைப் பார்ப்பார் எவரும் இல்லை. கல்வி கொடுத்த உரிமை என்று இதனைச் சொல்வர். யான் அவ்வாறு சொல்லத் துணியேன். கல்வி நீக்கிய காவல் என்றும் சொல்லலாம்.

ஈண்டுப் பிறநாட்டு வழக்கம் ஒன்றை ஒப்புநோக்குதல் தகும். உழைப்பவரை உலகெங்கும் அனுப்பும் நாடுகளுள் பிலிப்பைன்ஸ் பெயர்பெற்றது. 1974ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்திலேயே அந்நாட்டார் வெளிநாட்டு வேலையை அரசின் கண்காணிப்பிற்குள் கொணர்ந்தனர். 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஃபுளோர் கன்டெம்பிளாசியோன் என்னும் வீட்டுப் பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொந்தளித்தது. அவ்வாண்டிலேயே குடிபெயர் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கட்கெனத் தனி அமைச்சகமே சட்டத்தால் நிறுவப்பட்டது. இவற்றுள் நாம் நோக்கத்தக்கது ஒன்று. மணிலாவிலிருந்து வேலைக்குப் புறப்படுபவர் பணிப்பெண்ணாயினும் பொறியாளராயினும், வெளிநாட்டு வேலைச் சான்று என்னும் தாளைப் பெற்றே புறப்படல் வேண்டும்; புறப்படுமுன் நடக்கும் அறிவுறுத்தல் வகுப்பிலும் இருத்தல் வேண்டும். படித்தவர்க்கு விலக்கில்லை. அன்றியும், அங்கே அயல்நாட்டு முதலாளி கூலி கொடாது ஏமாற்றின், ஆள் சேர்த்த நிறுவனமும் அவனோடு கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் தரகர் இதனைக் கேட்டால் தொழிலையே விட்டுவிடுவார் என்று தந்தையார் சொன்னார்.

அந்நாட்டினும் எல்லாம் செம்மையாக நடக்கின்றன என்று யான் கருதவில்லை. அவர் சட்டம் இத்துணைக் கடுமையானதற்குக் காரணமே அவர் பட்ட துன்பம்தான். மற்றொன்றிலும் பிலிப்பைன்ஸ் பொறியாளர் நம்மினும் ஆயத்தமாக இருக்கின்றனர். அங்கே பொறியியல் பட்டம் பெற்றவர் அரசின் தேர்வொன்றை எழுதி உரிமம் பெற்ற பின்னரே அத்தொழிலை மேற்கொள்ளலாம். நம் நாட்டில் கட்டடக் கலைஞர்க்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் பதிவு உண்டு. பொறியாளர்க்குப் பொதுவான உரிமச் சட்டம் இல்லை. பட்டமே உரிமமாக நிற்கின்றது. ஊரில் இருக்குமட்டும் இதனால் குறையொன்றும் தோன்றாது. கடல் கடந்தவுடன், நீ பொறியாளன் என்பதற்குச் சான்று யாது என்று கேட்பர்.

இக்கேள்வியால் விளைந்த துன்பத்திற்குக் குவைத்தே சான்று. 2018ஆம் ஆண்டில் குவைத்து அரசு, வேற்றுநாட்டுப் பொறியாளர் தங்கலனுமதியைப் புதுப்பிக்க வேண்டின் குவைத்துப் பொறியாளர் சங்கத்தின் இசைவு பெறல் வேண்டும் என்று விதித்தது. அச்சங்கமோ, இந்தியப் பட்டங்களைப் பொறுத்தமட்டில், தேசிய அங்கீகார வாரியத்தின் ஏற்புப் பெற்ற பாடப்பிரிவுகளையே ஒப்புக்கொண்டது. அவ்வாரியம் 1994ஆம் ஆண்டில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவினால் தோற்றுவிக்கப்பட்டுப் பின் 2010இல் தனித்தியங்கும் அமைப்பாயிற்று. வாரியம் பிறப்பதற்கு முன்னே பட்டம் பெற்றவர்கள் என் செய்வார்? பதினைந்து, இருபது ஆண்டுகள் அங்கே பாலமும் குழாயும் அமைத்தவர்கள், பொறியாளர் என்னும் பெயரைத் துறந்து வேறு பெயரில் அனுமதி பெற வேண்டியவராயினர். நம் அரசு இதுபற்றிக் குவைத்து அரசோடு பேசிற்று. ஒருவன் செய்யும் தொழில் மாறவில்லை. அவன் அறிவு குறையவில்லை. தாளில் ஒரு சொல் மாறிற்று. அச்சொல்லோடு சம்பளமும், குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் தகுதியும் ஊசலாடின.

ஆகவே அயல்நாடு செல்லக் கருதும் பொறியாளர் முதற்கண் ஆராய வேண்டுவது தம் பட்டத்தையே. இதில் பலர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. கல்லூரி வாயிலில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும் தரச்சான்று பெரும்பாலும் கல்லூரி முழுமைக்கும் மற்றொரு குழு அளிப்பது. யான் மேலே கூறிய வாரியமோ கல்லூரிக்கு ஏற்பளிப்பதில்லை. ஒவ்வொரு பாடப்பிரிவிற்கும் தனித்தனியே அளிக்கும். அதுவும் சில ஆண்டுகட்கே அளிக்கும். ஒரே கல்லூரியில் மின்னியற்குச் சான்று இருக்கும், இயந்திரவியற்கு இராது. இவ்வாண்டு இருக்கும், இவர் படித்த ஆண்டில் இருந்திராது. வாரியத்தின் இணையத்தளத்தில் கல்லூரியும் பிரிவும் ஆண்டும் காணலாம்.

வாஷிங்டன் உடன்படிக்கை என்பதன் பெயரையும் நம் மாணாக்கர் கேட்டிருப்பர். 1989ஆம் ஆண்டில் ஆங்கிலம் வழங்கும் ஆறு நாடுகளின் பொறியாளர் அமைப்புக்கள், ஒருவர் ஏற்ற பட்டத்தை மற்றவர் மதிப்பதென்று செய்துகொண்ட உடன்பாடு அது. இந்தியா 2014ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள் அதில் முழு உறுப்பாயிற்று. இனி நம் பட்டங்கள் எங்கும் செல்லும் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் வாரியம் முதல்தரம் என்று பிரித்துள்ள நிறுவனங்களின் பிரிவுகட்கே அவ்வுடன்படிக்கை பொருந்தும். பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் அத்தரத்தின. தன்னாட்சி இல்லாது பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடக்கும் கல்லூரிகள் இரண்டாந்தரத்தின. அவற்றின் பிரிவுகள் வாரியத்தின் ஏற்பைப் பெற்றிருந்தாலும் உடன்படிக்கையின் நிழல் அவற்றின்மேல் விழாது. எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் படிப்பது அத்தகைய கல்லூரிகளிலேயே. சேரும்போது இதனை அவர்க்குச் சொல்வார் இலர்.

பட்டம் பொருந்துமென்று தெளிந்தபின் அதனை மெய்ப்பித்தல் வேண்டும். பட்டச்சான்றில் அரசின் ஒப்பம் பெற்று, பின் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை பெற வேண்டும். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகட்கு அப்போஸ்டில் என்னும் ஒரே முத்திரை போதும். இந்தியாவில் அவ்வுடன்படிக்கை 2005ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ளது. ஓமனும் பஹ்ரைனும் முன்னரே சேர்ந்தன. சவூதி அரேபியாவில் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சேராத நாடுகட்குத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். அப்போஸ்டில் என்ற சொல்லைக் கேட்ட என் விடுதித் தோழர்கள், அப்போஸ்தலர் பவுலுக்கும் இதற்கும் என்ன உறவு என்று நகையாடினர். ஆராய்ந்து பார்த்தேன். உறவில்லை. பழைய நூலின் ஓரத்தில் எழுதும் குறிப்பிற்கு இலத்தீனில் வழங்கிய சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது இது. இடைக்காலத்தில் அச்சொல் வேதாகமத்திற்கு எழுதிய உரைக்குறிப்பைக் குறித்தது என்பதறிந்து, உரையாசிரியர்களைப் படிக்கும் எனக்குச் சிறிது பெருமையாக இருந்தது.

நிற்க. பட்டமும் முத்திரையும் ஒருபுறம் இருக்க, ஒப்பந்தத்திற்கு வருவோம். ஒப்பந்தம் மாற்றப்படுதல் இன்று நேற்று வந்த தீமையன்று. ஆதியாகமத்தில் யாக்கோபின் சரிதையை ஞாயிறு பள்ளியிற் கேட்ட நாளில் அதனை ஒரு காதற்கதையாகவே எண்ணினேன். இப்போது படித்தால் அது வேற்றூரில் வேலைக்குப் போனவன் கதையாகத் தோன்றுகின்றது. யாக்கோபு தாய்நாட்டை விட்டுப் பதான் அராமுக்குப் போகின்றான். லாபான் அவனைக் கூலி என்னவென்று கேட்கின்றான். ராகேலுக்காக ஏழாண்டு உழைப்பேன் என்பது வாய்மொழி ஒப்பந்தம். ஏழாண்டு கழிந்தபின் கொடுக்கப்பட்டவள் லேயாள். கேட்டபோது லாபான் சொன்ன விடை, எங்கள் ஊர் வழக்கம் இது என்பது. நிறுவனத்தின் விதிகளின்படி என்று என் தமையனார் தாளில் இருந்த வாக்கியத்திற்கும் அவ்விடைக்கும் யான் வேறுபாடு காண்கிலேன். அவ்வழக்கத்தை லாபான் முதல்நாளிலேயே சொல்லியிருக்கலாம். யாக்கோபும் முதல்நாளிலேயே கேட்டிருக்கலாம். பின்னும் உழைத்து இருபது ஆண்டு முடிந்தபோது, தன் கூலி பத்து முறை மாற்றப்பட்டதென்று அவன் மனைவியரிடம் முறையிடுகின்றான். மாற்றியவன் அயலானும் அல்லன், தாய்மாமன்.

இக்கதையை அண்ணனுக்குச் சொன்னபோது அவர், நம் தரகரும் உறவுமுறைதானே என்றார். ஆம், எங்கள் அத்தை வழியில் அவர் ஒரு சுற்றத்தார். அதனாலேயே பற்றுச்சீட்டுக் கேட்க வீட்டில் ஒருவர்க்கும் வாயெழவில்லை. அவர் கேட்டது ஒன்றரை லட்சம் ரூபாய். பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒருவரிடம் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியுமே. வரியொடு கூடின் 35,400. பெற்றதற்குச் சீட்டும் கொடுத்தல் வேண்டும். பதிவுண்டா இல்லையா என்பதை இ-மைக்ரேட் என்னும் அரசுத் தளத்தில் பெயரிட்டுப் பார்க்கலாம். பார்த்தோம். அவர் பெயரும் இல்லை; அவர் சொன்ன நிறுவனத்தின் பெயரும் இல்லை. தந்தையார் மஞ்சள் விற்ற பணத்தில் 40,000 ரூபாய் அதற்கு முன்னரே அவர் கையிற் சேர்ந்துவிட்டது. சில நாட் கழித்து அவர் காட்டிய விசாத்தாளில் தொழிலின் பெயர் பொறியாளர் என்று இல்லை. உதவியாள் என்று இருந்தது. அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். தாளில் உதவியாளாகப் போனவன் தாளில் பொறியாளன் ஆதல் எத்துணை அரிது என்பதைக் குவைத்துச் செய்தியைப் படித்த பின்னர் அறிந்திருந்தோம். அண்ணன் போகவில்லை. பணம் திரும்பவும் இல்லை.

இதனினும் கொடியது நிகழ்ந்த வீடுகள் உண்டு. 2022ஆம் ஆண்டில் கணிப்பொறியறிவுடைய இளைஞர் பலர் தாய்லாந்தில் உயர்ந்த சம்பளத்தில் வேலை என்று அழைக்கப்பட்டு, எல்லை கடத்தப்பட்டு, மியான்மரில் அடைக்கப்பட்டனர். பிறரை இணையத்தின் வழியே ஏமாற்றும் தொழிலை அவர்மேற் சுமத்தினர். அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது; அக்டோபரில் தமிழிளைஞர் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை வந்துசேர்ந்தனர். அவர்கள் எழுத்தறியாதவர் அல்லர். சுற்றுலாவிற்குரிய அனுமதியில் வேலைக்குப் போனவர்கள். வேலைக்குரிய அனுமதி அச்சாகி, அதன் எண்ணைச் சரிபார்க்குமுன் விமானமேறுதல் கூடாது என்று யான் இப்போது கேட்பார்க்கெல்லாம் சொல்லி வருகின்றேன், கேளாதார்க்கும் சொல்கின்றேன்.

இவ்வாண்டு அண்ணனுக்கு மற்றொரு வாய்ப்பு வந்துள்ளது. பதிவுபெற்ற நிறுவனம், துபாயில் வேலை, ஒப்பந்தம் ஏழு பக்கம். அதனைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருவரும் அமர்ந்து வரிவரியாகப் படித்தோம். உரையாசிரியர் பதவுரை எழுதுவதுபோல் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பொருள் எழுதினோம். அரபு அமீரகத்தின் தொழிற்சட்டம் 2021இல் இயற்றப்பட்டு, 2022 பிப்ரவரி முதல் நடைபெறுவது. அதன்படி ஆளைச் சேர்க்கும் செலவு முதலாளியையே சாரும். தகுதிகாண் பருவம் ஆறு திங்களுக்கு மேற்படலாகாது. நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி வேலை. தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்தலாகாது. இவ்வளவும் ஒப்பந்தத்தோடு ஒத்திருந்தன.

ஐந்தாம் பக்கத்தில் நின்றோம். திங்கட் சம்பளம் 4,000 திர்ஹம். அதனை இரண்டாகப் பகுத்து, அடிப்படை 1,600 என்றும், வீட்டுக்கும் போக்குவரவுக்கும் பிறவற்றிற்குமாகப் படிகள் 2,400 என்றும் எழுதியிருந்தனர். கைக்கு வருவது 4,000தானே, எப்படிப் பகுத்தால் என்ன என்று அம்மா கேட்டார். எங்கட்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. பின்னர்ப் பணிக்கொடைப் பிரிவைப் பார்த்தோம். ஓராண்டுக்கு மேல் பணிசெய்து விலகுவார்க்கு, முதல் ஐந்தாண்டில் ஆண்டொன்றிற்கு 21 நாட் சம்பளமும், அதன்பின் ஆண்டொன்றிற்கு 30 நாட் சம்பளமும் கொடுத்தல் வேண்டும். அச்சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமே. படிகள் அதில் சேரா. அண்ணன் கணக்கிட்டார். அடிப்படை 1,600 ஆயின் ஆண்டுக்கு 1,120 திர்ஹம், ஐந்தாண்டிற்கு 5,600. அடிப்படை 3,000 ஆயின் ஆண்டுக்கு 2,100, ஐந்தாண்டிற்கு 10,500. திங்கள்தோறும் பெறுவது ஒன்றே. ஊர் திரும்பும் நாளில் கையிலிருப்பது ஏறக்குறைய இரு மடங்கு வேறுபடும். பொறியாளர் என்னும் முறையில் அண்ணன் சம்பளத்தை ஒரு சுமையாகவும் அடிப்படையை அதனைத் தாங்கும் தூணாகவும் படம் வரைந்து அம்மாவுக்குக் காட்டினார். அம்மா படத்தைப் பாராமல், அதை எழுதிக் கேள் என்றார்.

எழுதிக் கேட்கலாமா என்பதில் வீட்டில் இரண்டு நாள் வழக்கு நடந்தது. கேட்டால் வேலையே போய்விடும் என்பது தந்தையார் கட்சி. கேளாமற் போன 40,000 ரூபாயை நினைவூட்டுவது என் கட்சி. கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டுமென்று உபாகமம் முதலாளிக்குத்தான் கட்டளையிடுகின்றது. கூலியாள் வாய்திறந்து கேட்கலாகாது என்று எங்கும் விதிக்கவில்லை என்று யான் சொன்னதற்குத் தந்தையார் மறுமொழி கூறவில்லை. முடிவில் அண்ணன் எழுதினார். பணிவாகவே எழுதினார். அடிப்படையை உயர்த்தித் தருக. இயலாதாயின் அவ்வாறு பகுத்ததன் காரணம் தெரிவிக்க. விசாவில் தொழிற்பெயர் இயந்திரப் பொறியாளர் என்றே இருக்கும் என்பதை எழுத்தில் உறுதி செய்க. இம்மூன்றே அதன் பொருள்.

அதனோடு செய்யத்தக்க ஏனைய காரியங்களும் நடந்து வருகின்றன. அவர் பயின்ற பிரிவிற்கு அவர் பயின்ற ஆண்டுகளில் வாரியத்தின் ஏற்பு இருந்ததென்று கண்டுகொண்டோம். பட்டச்சான்று மெய்ப்பித்தலுக்குச் சென்னைக்குச் சென்றுள்ளது. ஒப்பந்தத்தின் படி ஒன்றை அம்மா அரிசிப்பானையின் அடியில் வைத்திருக்கின்றார். மற்றொன்று என்னிடம் விடுதியில் உள்ளது. துபாயிலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தின் எண்ணையும், குறைகளைத் தெரிவிப்பதற்கென வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதத் என்னும் தளத்தின் பெயரையும், அண்ணன் தம் கைப்பேசியில் மட்டுமன்றி வேதாகமத்தின் பின்னட்டையிலும் எழுதிக்கொண்டார். கைப்பேசி தொலையும் என்பது அவர் காரணம்.

தொல்காப்பியனார் கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் வழக்கமன்று என்று விதித்துள்ளார். அண்ணனுக்கு வருகிற வைகாசியில் திருமணம் பேசியிருக்கின்றது. மனைவியை அழைத்துக்கொள்ள அந்நாட்டில் சம்பளத்திற்கு ஓர் அளவு உண்டு. பெண்வீட்டார் அதனைக் கேட்டறிந்து, ஒப்பந்தத்தின் ஐந்தாம் பக்கத்தைத் தாமும் பார்க்க வேண்டுமென்றனர். அகநானூற்றுத் தோழிக்குத் தோன்றாதது அவர்கட்குத் தோன்றிற்று. பக்கத்தைப் படியெடுத்துக் கொடுத்தோம்.

நிறுவனத்தின் விடை இதனை எழுதும் நாள்வரை வரவில்லை. கையெழுத்திட வேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கின்றது.